பல்லுக்குக் கிளிப் போடலாமா?
வெளியூரில் வாழ்வோர் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பிள்ளைக்கு முன்பல் எடுப்பாக இருக்கிறது. கிளிப் போட்டால் சரியாகுமா? எவ்வளவு செலவு ஆகும்? நடுவில் ஊருக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது?"

தாராவியிலும், ஆண்டாப்ஹில்லிலும், செம்பூரிலும், டோம்பிவிலியிலும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விகள் இவை. முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கேட்காமல் கிளிப் போட்டுக்கொண்டு, பாதியில் விட்டு, பணத்தையும் பல்லையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

கோணல் பல்லை நேராக்குவது நல்ல வைத்தியம். ஆனால் அது இரண்டு ஆண்டு வைத்தியம். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வருவது போன்றது அல்ல. பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள், மாற்றல் வேலையில் இருப்பவர்கள், கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் திருநெல்வேலிப் பக்கம் போய்விடுகிறவர்கள் ஆகியோர் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

அழகுக்காக மட்டுமா?

தெற்றுப்பல் அழகு என்று சொல்பவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களும் உண்டு. லேசான கோணலுக்கு வைத்தியமே தேவையில்லை. பல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பதற்காக யாரும் கடன் வாங்கிக் கிளிப் போட வேண்டியதில்லை.

ஆனால் சில கோணல்கள் உடம்புக்குக் கேடு செய்கின்றன. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு இருந்தால், இடுக்கில் பிரஷ் போகாது. அழுக்கு சேரும். சொத்தை விழும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். மேல் முன்பற்கள் வெளியே தூக்கிக்கொண்டு இருந்தால், விளையாடும் பிள்ளை கீழே விழும்போது முதலில் அடிபடுவது அந்தப் பற்கள்தான். மேல்பல் கீழ்ப்பல்லை முழுக்க மூடி அழுத்தினால், கீழ்ப்பல்லின் நுனி அண்ணத்து ஈறைக் குத்திப் புண்ணாக்கும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே இருந்தால், தோசையைக்கூட முன்பல்லால் கடித்து எடுக்க முடியாது. "ஸ", "ச" போன்ற எழுத்துகள் சரியாக வராது.

இவை போக மனக்குறை ஒன்று உண்டு. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் ஒரு காரணமாக டாக்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பல் ஏன் கோணுகிறது?

தகப்பனாரின் பெரிய பல்லும் தாயாரின் சிறிய தாடையும் ஒரே பிள்ளைக்கு வந்து வாய்த்தால் இடம் போதாது. பத்துப் பேர் உட்காரும் பெஞ்சில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தது போல் பற்கள் ஒன்றையொன்று தள்ளும். இது பரம்பரையாக வருவது. யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது பால் பல்லை அலட்சியம் செய்வது.

விழுந்த பால் பல்லைச் சாணத்தில் வைத்துக் கூரைமேல் எறிவது நம் ஊர் வழக்கம். விழுவதற்கு முந்திய பால் பல்லை யாரும் மதிப்பதில்லை. சொத்தையானால், "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது பிடுங்கிவிடுகிறார்கள். இது தவறு. பால் பற்கள் 20. ஒவ்வொன்றும் தனக்கு அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. துண்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். கடைவாய்ப் பால் பல் 10, 11 வயது வரை இருக்க வேண்டும். அதை 6 வயதில் பிடுங்கினால் பின்னால் உள்ள பல் முன்னே சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் நிலைப்பல் கோணலாக வெளியே வரும். அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பால் பல்லைக் காப்பாற்ற முடியாமல் எடுக்க நேர்ந்தால், அந்த இடம் மூடாமல் இருக்கச் சிறிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். சின்னச் செலவு. பின்னால் வரக்கூடிய பெரிய செலவு மிச்சமாகலாம்.

மற்ற காரணங்கள்: நான்கு வயதுக்கு மேலும் விரல் சூப்புவது, மூக்கடைப்பினாலோ மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியினாலோ எப்போதும் வாயால் மூச்சு விடுவது, விழுங்கும்போது நாக்கால் முன்பல்லைத் தள்ளுவது, விழ வேண்டிய பால் பல் விழாமல் நிற்பது, இரண்டு முன்பற்களுக்கு நடுவே எலும்புக்குள் கூடுதல் பல் ஒன்று ஒளிந்திருப்பது. விரல் சூப்பும் பழக்கம், நிலையான முன்பற்கள் முளைக்கும் முன்பே நின்றுவிட்டால் பல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அடித்துத் திருத்த வேண்டாம். வேப்பெண்ணெய் தடவுவதைவிட, பிள்ளை விரல் சூப்பும் நேரம் எது என்று கவனித்து, அப்போது கைக்கு வேறு வேலை கொடுப்பது நல்லது.

கடியில் மூன்று வகை

பல் மருத்துவத்தில் இன்றும் வழங்கும் பகுப்பை 1899-ல் வெளியிட்டவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர். அவர் முன்பல்லைப் பார்த்து வகை பிரிக்கவில்லை. 6 வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லைப் பார்த்துப் பிரித்தார்.

மேலும் கீழும் உள்ள அந்தக் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தி, மற்ற பற்கள் மட்டும் நெருக்கமாகவோ இடைவெளியாகவோ இருந்தால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கி, பெரும்பாலும் மேல்பல் எடுப்பாகத் தெரிந்தால் இரண்டாம் வகை. கீழ்ப்பல் முன்னே வந்து, கீழ்த்தாடை நீட்டிக்கொண்டு இருந்தால் மூன்றாம் வகை.

நமக்கு இதில் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. வெளியே பார்க்கும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் "பல் எடுப்பு" என்றுதான் தெரியும். ஒருவனுக்குப் பல் மட்டும் முன்னே வந்திருக்கும். இன்னொருவனுக்குக் கீழ்த்தாடையே வளராமல் பின்தங்கியிருக்கும். இருவருக்கும் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வருடத்தில் முடிந்தது, நம் பையனுக்கு ஏன் மூன்று வருடம் என்று டாக்டரிடம் சண்டை போடும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த வயதில் காட்டுவது?

7 வயதில் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்பது நிபுணர்களின் ஆலோசனை. காட்டுவது என்றால் கிளிப் போடுவது என்று பொருள் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, "இப்போது ஒன்றும் வேண்டாம், பிறகு வாருங்கள்" என்றே சொல்லி அனுப்புவார்கள். ஆனால் சிலருக்கு அந்த வயதிலேயே செய்ய வேண்டியது இருக்கும். மேல்தாடை வளராமல் பின்தங்கியிருந்தால், அதை முன்னே இழுக்கும் கருவியை 10 வயதுக்கு முன் பொருத்தினால்தான் நல்ல பலன். வயது கடந்தால் அறுவைச் சிகிச்சை வரை போக நேரலாம்.

இங்கே தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 8 வயதுப் பிள்ளையின் மேல் முன்பற்கள் இரண்டும் விலகி, நடுவே சந்து விட்டு, அவலட்சணமாகத் தோன்றும். இது பலருக்கு இயற்கை. மேலே கோரைப்பற்கள் இறங்கிவரும்போது முன்பற்களின் வேரை நெருக்குகின்றன. அதனால் நுனி விலகுகிறது. 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்து முடிந்ததும் பெரும்பாலும் அந்தச் சந்து தானாகவே மூடிவிடும். அதற்குள் அவசரப்பட்டு யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

முழுக் கிளிப் போடுவதற்கு நல்ல வயது பெரும்பாலும் 11 முதல் 14. பால் பல் எல்லாம் விழுந்திருக்கும். பிள்ளை வளரும் பருவமாக இருப்பதால் தாடையின் வளர்ச்சியையும் சற்றுத் திருப்பிவிட முடியும். பெண் பிள்ளைகள் முந்தி வளர்வதால் அவர்களைக் கொஞ்சம் முன்பே காட்டுவது நல்லது.

பெரியவர்களுக்கும் போடலாம். ஈறும் எலும்பும் உறுதியாக இருந்தால் 40 வயதிலும் பல் நகரும். ஆனால் வளர்ச்சி நின்ற தாடையைக் கிளிப்பால் நீட்டவோ குறைக்கவோ முடியாது. தாடையே கோணலாக இருந்தால், வளர்ச்சி முடிந்த பிறகு அறுவைச் சிகிச்சைதான் வழி.

பெண்ணுக்கு நிச்சயம் செய்துவிட்டு, "ஆறு மாதத்தில் கல்யாணம், அதற்குள் பல்லை நேராக்கிவிடுங்கள்" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலான டாக்டர்கள் முடியாது என்றே சொல்வார்கள். முடியும் என்று ஒருவர் உடனே சொன்னால் அங்கேதான் எச்சரிக்கை தேவை.

இரண்டு ஆண்டு ஏன்?

பல் எலும்பில் ஆணி அடித்தது போல் இறுகி நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கம்பி மெதுவாகத் தள்ளும்போது, தள்ளும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு உண்டாகிறது. இப்படிக் கரைந்து, வளர்ந்து, பல் எலும்புக்குள் நடந்து போகிறது. ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

ஏழு மில்லிமீட்டர் இடைவெளியை மூட வேண்டும் என்றால் எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் பற்களைச் சமப்படுத்த வேண்டும். பின்னர் கடியைப் பொருத்த வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு ஆகிறது. வேகமாக இழுத்தால் வேகமாக வராது. அளவுக்கு மீறி அழுத்தினால் நார்த்திசுவில் ரத்த ஓட்டம் நின்று, பல் நகராமல் போகும். வேர் நுனி கரையும் ஆபத்தும் கூடும்.

கிளிப் போடும் முறை

முதல் நாளே கம்பி கட்டுபவரிடம் போகாதீர்கள். முறையான டாக்டர் முதலில் பல்லுக்கு அச்சு எடுப்பார். அல்லது கருவியால் படம் பிடிப்பார். முழுத்தாடையையும் காட்டும் எக்ஸ்-ரே ஒன்றும், முகத்தைப் பக்கவாட்டில் காட்டும் எக்ஸ்-ரே ஒன்றும் எடுக்கச் சொல்வார். அவற்றை அளந்து பார்த்த பிறகே திட்டம் சொல்வார். சொத்தையை அடைத்து, பல்லைச் சுத்தம் செய்த பிறகே கிளிப்.

ஒவ்வொரு பல்லிலும் சிறிய உலோகப் பட்டையை ஒட்டுகிறார்கள். அதன் பள்ளத்தில் கம்பியைச் செலுத்துகிறார்கள். பழைய காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி வளையம் மாட்ட வேண்டியிருந்தது. பல்லின் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாக ஒட்டும் என்று 1955-ல் அமெரிக்காவின் மைக்கேல் பூனகோர் காட்டினார். அந்த வழியில்தான் இன்று பட்டையை நேராகப் பல்லில் ஒட்டுகிறார்கள். தொடக்கத்தில் போடும் மெல்லிய கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம் உடையது. பிறகு தடித்த எவர்சில்வர் கம்பிக்கு மாறுவார்கள்.

கிளிப் போட்ட முதல் மூன்று நான்கு நாள் வலி இருக்கும். கஞ்சியும் இட்லியும் சாப்பிட்டால் போதும். பிறகு பழகிவிடும்.

"நல்ல பல்லை எடுக்கச் சொல்கிறாரே" என்று பலர் பயப்படுகிறார்கள். இடம் போதாதவர்களுக்கு, கோரைப்பல்லுக்கு அடுத்த பற்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கை எடுப்பது உண்டு. இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்திருக்கிறது. ஆங்கிள் ஒரு பல்லையும் எடுக்கக் கூடாது என்ற கொள்கையுடையவர். ஆனால் அவரிடம் படித்த அமெரிக்கர் சார்லஸ் ட்வீட், ஆஸ்திரேலியர் ரேமண்ட் பெக் இருவரும், எடுக்காமல் நேராக்கிய பற்கள் சிலருக்கு மறுபடி கோணுவதையும் வெளியே தள்ளுவதையும் கண்டு, குருவின் வழியிலிருந்து விலகினார்கள். இன்று எல்லாருக்கும் எடுப்பதும் இல்லை. யாருக்கும் எடுக்காமல் இருப்பதும் இல்லை. அளந்து பார்த்து முடிவு செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால், எடுக்கும் முன் இன்னொரு டாக்டரிடம் அந்த எக்ஸ்-ரேயைக் காட்டிக் கேட்பதில் தவறு இல்லை. எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது.

வெளியே தெரியாத கண்ணாடி போன்ற தட்டுகளும் வந்துவிட்டன. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கியவை. தினமும் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். லேசான கோணலுக்கு நல்லவை. விலை அதிகம். கழற்றி வைத்து மறந்துவிடும் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல.

நடுவில் ஊருக்குப் போனால்?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

கிளிப் போட்டவர் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போக வேண்டும். மாதம் ஒன்று என்று வைத்தாலும் இரண்டு ஆண்டில் 24 முறை. ஒவ்வொரு முறையும் அரை நாள் போனால், 12 நாள் சம்பளம் அல்லது லீவு. தினக்கூலிக்காரர்களுக்கு இது சிறிய தொகை அல்ல. கிளிப்பின் விலையை மட்டும் பார்க்காமல் இதையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ பக்கத்தில் உள்ள டாக்டராகப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

மே மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் இருந்தாலும் கெடுதல் செய்யாத கம்பியாக மாற்றி அனுப்புவார். குத்தும் கம்பியை மூடுவதற்கான மெழுகையும் கொடுத்து அனுப்புவார். ஊரில் பட்டை கழன்றுவிட்டால் அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். நகவெட்டியால் கம்பியை நறுக்க வேண்டாம். துண்டு தொண்டைக்குள் போய்விடும்.

மாற்றல் வந்துவிட்டால் என்ன செய்வது? வங்கியிலும் ரயில்வேயிலும் மத்திய அரசு அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது எப்போதும் இருக்கும் பயம். மூன்று பொருள்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்: எக்ஸ்-ரேக்கள், தொடக்கத்தில் எடுத்த அச்சும் போட்டோக்களும், இதுவரை செய்ததையும் இனிச் செய்ய வேண்டியதையும் எழுதிய கடிதம். பட்டையின் பள்ளத்தில் இரண்டு அளவு வழக்கத்தில் உள்ளன. எந்த முறை, எந்த அளவு என்பதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். புது டாக்டர் வேறு முறைக்காரராக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகத் தொடங்கவும் கூடும். அதற்குப் புதுக் கட்டணம் கேட்பார்.

ஆகையால் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுங்கள். ஓராண்டுக்குள் மாற்றல் நிச்சயம் என்று தெரிந்தால், அவசரமில்லாத கோணலுக்குக் காத்திருந்து புது ஊரில் தொடங்குவதே மேல்.

எக்காரணத்தாலாவது தொடர முடியாமல் போனால், கிளிப்பை வாயிலேயே விட்டுவிடாதீர்கள். கழற்றச் சொல்லுங்கள். கவனிப்பாரில்லாத கிளிப்பைச் சுற்றி அழுக்கு சேர்ந்து பல் வெள்ளை வெள்ளையாகக் கறைபடும். பிறகு சொத்தையாகும். கம்பியும் தன் போக்கில் பல்லை எங்காவது இழுத்துக்கொண்டு போகும். அரைகுறையாகக் கழற்றிய பல், கிளிப்போடு கெட்ட பல்லைவிட நல்லது.

எங்கே போவது?

மும்பையில் ஏழை எளியவர்களுக்கு இரண்டு பெரிய இடங்கள் உள்ளன. ஒன்று, மும்பை சென்ட்ரலில் மாநகராட்சி நடத்தும் நாயர் ஆஸ்பத்திரி பல் மருத்துவக் கல்லூரி. இன்னொன்று, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி. இரண்டிலும் பல் சீரமைப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் வேலை செய்கிறார்கள். முழுதும் இலவசம் என்று எண்ணிப் போகாதீர்கள். கட்டணம் உண்டு. ஆனால் தனியாரைவிடக் குறைவு. வரிசையில் காத்திருக்கும் காலம்தான் அதிகம். அதனால்தான் 7 வயதில் காட்டுவது நல்லது என்கிறோம்.

மாற்றலில் போகிறவர்களுக்கு: பெங்களூரில் கோட்டைப் பகுதியில், விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையமும் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் பல் மருத்துவ மையமும் உள்ளன. கல்கத்தாவில் டாக்டர் ஆர்.அகமது பல் மருத்துவக் கல்லூரி. 1920-ல் ரபியுதீன் அகமது தொடங்கிய அதுவே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. ஊர் திரும்புகிறவர்களுக்குச் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன.

தனியாரிடம் சாதாரண உலோகக் கிளிப்புக்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். வெளியே தெரியாத தட்டுகள் லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. இதை அழகுக்கான வைத்தியம் என்று கருதி மருத்துவச் செலவைத் திருப்பித் தராத அலுவலகங்களும் இருக்கின்றன. ரசீதை நீட்டும்போது கேட்பதைவிட, தொடங்கும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பி.டி.எஸ். படித்தவர் பல் டாக்டர். அதற்கு மேல் மூன்று ஆண்டு இந்தத் துறையில் எம்.டி.எஸ். படித்தவர் பல் சீரமைப்பு நிபுணர். போர்டில் பட்டத்தையும் பதிவு எண்ணையும் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ரப்பர் பேண்டு ஆபத்து

முன்பல் சந்தை மூடச் சாதாரண ரப்பர் பேண்டை இரண்டு பல்லையும் சேர்த்து மாட்டிக்கொள்ளச் சொல்லும் வீடியோக்கள் போனில் சுற்றுகின்றன. ஒருபோதும் செய்யாதீர்கள். பல் அடியில் போகப் போகக் குறுகியது. ரப்பர் வளையம் மெதுவாக ஈறுக்குள் வழுக்கி ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கடைசியில் நல்ல முன்பற்கள் இரண்டும் ஆடி விழுந்துவிடும். இப்படி நடந்தவற்றை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

நடைபாதையில் பல் கட்டுபவரும் வேண்டாம். "ஒரே நாளில் நேராக்குகிறேன்" என்பவர் பல்லை நகர்த்துவதில்லை. அராவிக் குறைத்து மேலே உறை மாட்டுகிறார். அது வேறு வேலை.

சாப்பாடும் சுத்தமும்

முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், இங்கே கிடைக்கும் சிக்கி, எலும்பு கடிப்பது ஆகியவற்றை இரண்டு ஆண்டுக்கு மறந்துவிட வேண்டும். கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடலாம். பாக்கும் குட்காவும் எப்போதுமே கேடு. ஒவ்வொரு முறை பட்டை கழன்றாலும் வைத்தியம் சில வாரம் பின்தங்கும்.

சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். காலையும் இரவும் புளோரைடு பற்பசையால், பட்டையின் மேல்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். பல் நேராகி, கிளிப்பைக் கழற்றும்போது பல் முழுதும் வெள்ளைக் கறை என்றால் என்ன பயன்?

கழற்றிய பிறகு

கிளிப்பைக் கழற்றும் நாளில் வைத்தியம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். முடியவில்லை. இழுத்துக் கட்டிய நார்த்திசு பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, கழற்றி மாட்டும் தட்டையோ, பல்லின் பின்புறம் ஒட்டிய மெல்லிய கம்பியையோ கொடுப்பார்கள். முதலில் பல மாதம் பகலும் இரவும். பிறகு இரவில் மட்டும், பல ஆண்டுகள். இரண்டு ஆண்டு கஷ்டப்பட்டவர்கள் இந்தத் தட்டை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பல்லை மறுபடி கோணவிடுவதுதான் இந்த வைத்தியத்தில் அடிக்கடி நடக்கும் நஷ்டம்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

தொடங்கும் முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்.

1. இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருக்கலாமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்?
2. பல் எடுக்க வேண்டுமா? எத்தனை?
3. எத்தனை மாதம்? எத்தனை நாளுக்கு ஒரு முறை வர வேண்டும்?
4. மொத்தச் செலவு எவ்வளவு? எக்ஸ்-ரே, கழன்ற பட்டை, கடைசித் தட்டு எல்லாம் அதில் சேருமா?
5. தவணையில் கட்டலாமா?
6. மாற்றல் வந்தால் எக்ஸ்-ரேயும் கடிதமும் தருவீர்களா?

ஆறுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் அந்த நோட்டு உதவும்.